அத்தியாயம் 6: காயப்பட்டவரிடம் என்ன கேட்பது?

இரவு பதினொன்றரை மணிக்கு அந்தப் பெண்ணுக்கு நான் அனுப்பிய செய்தி இது: "சொல்லுங்க மேடம், அவரை என்ன பண்ணலாம்? நீங்க சொல்றதுதான் முடிவு."

நான் நடத்திவந்த வாசகர் வாட்ஸப் குழுவில் அன்று சாயங்காலம் ஒரு சிறுகதையைப் பற்றிப் பேச்சு ஓடியது. அந்தப் பெண் கதையை விமர்சித்து நாலு பத்தி எழுதினார். ஓர் உறுப்பினர் கதையை விட்டுவிட்டு அவருடைய டிபி படத்தைப் பிடித்துக்கொண்டு அசிங்கமாக இரண்டு வரி போட்டார். மூன்று பேர் சிரிப்பு எமோஜி வைத்தார்கள். நான் அந்தப் பதிவை அழித்துவிட்டு, மேலே சொன்ன செய்தியை அவருக்கு அனுப்பினேன். அவருக்கு மரியாதை செய்கிறேன் என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை பதில் வந்தது: "எடுத்துடுங்க சார்." எடுத்தேன். "ஓர் உறுப்பினர் கேட்டுக்கொண்டதால் இவர் நீக்கப்படுகிறார்" என்று குழுவில் அறிவித்தேன். அந்த உறுப்பினர் யார் என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மதியத்துக்குள் நீக்கப்பட்டவரின் நண்பர்கள் அந்தப் பெண்ணின் எண்ணுக்கே எழுதத் தொடங்கினார்கள். "ஒரு ஜோக்குக்கு இவ்வளவா?" "அவருக்கும் குடும்பம் இருக்குங்க." ஒரு மாதத்தில் அந்தப் பெண் சத்தமில்லாமல் குழுவைவிட்டுப் போய்விட்டார். அவரை அவமதித்தது அந்த ஆள். தண்டனை கொடுத்தவராக அவரை எல்லார் முன்னாலும் நிறுத்தியது நான்.

பாதிக்கப்பட்டவரைக் கேட்காமலே முடிவெடுப்பது தவறு என்று இப்போது பலருக்குத் தெரிந்திருக்கிறது. முடிவையே அவர் தலையில் தூக்கி வைப்பதும் தவறுதான். அது மரியாதையின் சாயலில் வருவதால் செய்கிறவருக்கே தெரிவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே அட்மின் எப்படி நடந்துகொள்வது என்பதுதான் இந்த அத்தியாயம்.

தலையிடாமல் இருப்பதும் முடிவுதான்

இது வாட்ஸப்போடு பிறந்த சிக்கல் அல்ல. 1990-இல் அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில், செராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த பேவல் கர்ட்டிஸ் 'லாம்ப்டாமூ' என்ற இணைய உலகத்தைத் தொடங்கினார். படம் இல்லை, ஒலி இல்லை, எல்லாமே எழுத்து. எழுத்தாலேயே கட்டப்பட்ட ஒரு பெரிய வீடு; அதன் அறைகளில் பல ஊர்க்காரர்கள் புனைபெயர்களில் உலவிப் பேசிக்கொண்டிருப்பார்கள். கணினியின் அதிகாரம் யார் கையில் இருந்ததோ அவர்களுக்கு அங்கே 'மந்திரவாதிகள்' என்று பெயர். நம் குழுக்களின் அட்மின்களைப் போன்றவர்கள். சண்டை தீர்த்தே அலுத்துப்போன கர்ட்டிஸ் 1992 டிசம்பரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: இனி மந்திரவாதிகள் தொழில்நுட்ப வேலையை மட்டும் பார்ப்பார்கள், மனிதர்களுக்குள் நடக்கும் வழக்குகளில் தலையிட மாட்டார்கள்.

சில மாதங்களில், 1993 மார்ச்சில், 'மிஸ்டர் பங்கிள்' என்ற பெயரில் உலவிய ஒருவர் எல்லாரும் கூடும் கூடத்துக்கு வந்தார். மற்றவர்களின் பாத்திரங்கள் தாமே செய்வதுபோல வரிகளை எழுதிக் காட்டும் ஒரு நிரல் அவரிடம் இருந்தது. அதை வைத்து, இருந்தவர்கள் கண்முன்னே, சில உறுப்பினர்களின் பாத்திரங்கள்மீது பாலியல் வன்முறையை எழுத்தில் நடத்தினார். பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர் 'லெக்பா' என்ற பெயரில் அங்கே இருந்தார். நிஜத்தில் சியாட்டிலில் வாழ்ந்த ஒரு பெண். அந்த ஆளை நீக்க வேண்டும் என்று அவர் பொதுவில் எழுதிக் கேட்டார். அதற்கு முன், நடந்ததைப் பற்றி முதன்முதலில் எழுதியபோது கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது என்று ஜூலியன் டிபெல் என்ற பத்திரிகையாளரிடம் பிறகு சொன்னார். டிபெலின் கட்டுரை அதே ஆண்டு டிசம்பரில் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் வந்தது. இணையக் குழுக்களைப் பற்றி யோசிக்கிறவர்கள் இன்றும் தேடிப் படிக்கும் கட்டுரை அது.

மூன்று நாள் கழித்து உறுப்பினர்கள் கூட்டம் போட்டார்கள். உடம்பே இல்லாத இடத்தில் நடந்தது வன்முறையா? சட்டமே இல்லாத இடத்தில் தண்டனை கொடுக்கலாமா? மணிக்கணக்காகப் பேசினார்கள். பங்கிளும் வந்து போனார். முடிவு எதுவும் எட்டாமல் கூட்டம் கலைந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த மந்திரவாதி ஒருவர், பிறகு தன்னந்தனியாக முடிவெடுத்துப் பங்கிளின் கணக்கை அழித்தார். வெளியூர் போயிருந்த கர்ட்டிஸ் திரும்பி வந்து, மனு, வாக்கெடுப்பு என்று ஒரு முறையை ஏற்படுத்தினார். பங்கிளை ஓட்டிய கை வேறு பெயரில் மறுபடியும் உள்ளே வந்தது. 1996-இல் மந்திரவாதிகள் இன்னோர் அறிவிப்பில் ஒப்புக்கொண்டார்கள்: சமூக முடிவுகளில் தலையிடாமல் இருப்பது எங்களால் ஆகாத காரியம்.

அவர்கள் அதை ஒப்புக்கொள்ள மூன்றரை ஆண்டு ஆயிற்று. நமக்கு அவ்வளவு நாள் தேவையில்லை. அழிக்கும் பொத்தான் யார் கையில் இருக்கிறதோ, அவர் அழிக்காமல் விட்டாலும் அது அவருடைய முடிவுதான். "நான் வெறும் அட்மின்தாங்க, ரெண்டு பேரும் பேசித் தீத்துக்குங்க" என்று சொல்லும்போது யார் பலசாலியோ அவர் பக்கம் நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

லெக்பாவின் கதையில் என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. தனக்கு நேர்ந்ததை அவரே எழுத வேண்டியிருந்தது, தண்டனையையும் அவரே கேட்க வேண்டியிருந்தது. நடந்தது உண்மையிலேயே காயம்தானா என்று நடந்த விவாதமும் அவர் பார்வையிலேயே நடந்தது. வழக்குத் தொடுத்தவர், சாட்சி, வக்கீல் மூன்றுமாக அவர் ஒருவரே நின்றார். குழுவை நடத்தியவர்கள் கையைக் கட்டிக்கொண்டதால் விழுந்த பாரம் அது.

சட்டம் விட்டுவிட்டது, ஆனாலும்

அட்மின்கள் என்னிடம் முதலில் கேட்பது சட்டத்தைப் பற்றித்தான், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021-லும், கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியிலும் ஒரே கருத்தைச் சொல்லியிருக்கின்றன: அட்மினாக இருக்கிறார் என்பதற்காக மட்டும், வேறொருவர் போட்ட பதிவுக்காக ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது. நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வும் 2021 டிசம்பரில் அந்த வழியில்தான் போனது. அட்மினும் கூட்டுச் சேர்ந்து செய்திருந்தால் கதை வேறு. நீதிமன்றங்கள் சொன்னது ஜெயிலுக்குப் போக வேண்டியதில்லை என்பதை. குழுவில் ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போது அட்மினுக்கு வேலை இல்லை என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை.

முதல் ஒரு மணி நேரம்

யாரையும் கேட்காமல் அட்மின் செய்ய வேண்டியவை உண்டு. பதிவு எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டிருந்தால் அதை எடுப்பதற்கு அனுமதி கேட்டு நிற்காதீர்கள். ஆனால் வாட்ஸப்பில் அட்மின் 'எல்லாருக்கும்' அழித்தால் பாதிக்கப்பட்டவரின் போனிலிருந்தும் அது போய்விடும். நாளைக்கு அவர் போலீசுக்குப் போக நினைத்தால் கையில் ஒன்றும் இருக்காது. அதனால் அனுப்பியவர் எண், தேதி, நேரம், முன்பின் செய்திகள் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு அழியுங்கள். அதை அட்மின்களுக்குள்கூடச் சுற்றவிடாதீர்கள். ஒருவர் போனில் இருந்தால் போதும்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு, குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படம் அல்லது வீடியோ. அதை ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், "பாருங்க இந்த அநியாயத்தை" என்று யாருக்கும் அனுப்பவும் அனுப்பாதீர்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பை ரத்துசெய்து உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தெளிவாக்கிவிட்டது: அத்தகைய படத்தை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பது போக்சோ சட்டப்படி குற்றமாகலாம். எண்ணையும் நேரத்தையும் தாளில் குறித்துக்கொண்டு, தேசிய சைபர் குற்றத் தளத்திலோ பக்கத்துக் காவல் நிலையத்திலோ உடனே புகார் கொடுங்கள். குழந்தைக்கு உதவி தேவையென்றால் 1098.

அதன் பிறகு குழுவில் 'அட்மின் மட்டும் எழுதலாம்' என்ற அமைப்பைச் சில மணி நேரத்துக்குப் போட்டுவையுங்கள். நல்லவர்கள் கோபத்தில் எழுதும் ஐம்பது பதிவுகளும் பாதிக்கப்பட்டவரின் போனில்தான் போய் ஒலிக்கும்.

கேட்க வேண்டியதும் கேட்கக் கூடாததும்

இனிமேல்தான் அவரிடம் பேச வேண்டும். அழைப்பதற்கு முன் ஒரு செய்தி அனுப்புங்கள். நான் இப்போது அனுப்புவது இந்த மாதிரி:

"வணக்கம் மேடம். இன்னைக்கு குரூப்ல உங்களைப் பத்தி வந்த பதிவைப் பாத்தேன். அது தப்பு, எடுத்துட்டேன். ஆதாரம் என்கிட்ட பத்திரமா இருக்கு. மேற்கொண்டு என்ன செய்யணும்னு முடிவு பண்றது எங்க பொறுப்பு. அதுக்கு முன்னாடி நீங்க சொல்ல நினைக்கிறதைக் கேக்கணும். போன்ல பேசலாமா, எழுதுறீங்களா, இல்ல உங்களுக்காக வேற யாராவது பேசணுமா? அவசரம் இல்ல. இன்னைக்குப் பதில் போட வேண்டாம்னாலும் சரி."

'அது தப்பு' என்பதை அவர் நிரூபிக்க வேண்டியதில்லை என்று இதில் முதலிலேயே சொல்லியாகிவிட்டது. பாரம் யாருடையது என்பதும் சொல்லியாகிவிட்டது.

பேச்சில் நான்கு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது முதல் தடவையா, இல்லை தனிச் செய்திகளிலும் நடந்துகொண்டிருந்ததா? நமக்குத் தெரிவது ஒரு பதிவுதான். அவருக்கு ஆறு மாதக் கதை தெரிந்திருக்கலாம். இரண்டாவது, இப்போது அவருக்கு எதைக் குறித்து பயம்? வாட்ஸப் குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். நீங்கள் ஒருவரை நீக்கலாம், அவர் போனில் பதிந்துவிட்ட எண்ணை நீக்க முடியாது. மூன்றாவது, குழுவுக்கு எது தெரியலாம், எது தெரியக் கூடாது? நான்காவது, இந்தக் குழுவில் அவர் நிம்மதியாகத் தொடர என்ன வேண்டும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்கள் பெரும்பாலும் நீக்குவதைப் பற்றி இருப்பதில்லை. "அவர் பேசினது தப்புன்னு குரூப்ல யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா போதும் சார்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். தண்டனை என்ன என்று மட்டும் கேட்டிருந்தால் அந்தப் பதில் எனக்குக் கிடைத்திருக்காது.

கேட்கக் கூடாத முதல் கேள்வி "அவரை என்ன பண்ணலாம்?" அடுத்தது "நீங்க ஏதாவது சொன்னீங்களா?" ரெண்டு கை தட்டினால்தான் ஓசை என்ற பழமொழியை இந்த இடத்தில் தயவுசெய்து மறந்துவிடுங்கள். மூன்றாவது கேள்வியல்ல, வேண்டுகோள்: "பெரிய மனசு பண்ணி விட்டுடுங்க." நம் வீடுகளிலும் தெருக்களிலும் இது எப்போதும் அடிபட்டவரிடம்தான் சொல்லப்படுகிறது. அடித்தவரிடம் யாரும் பெரிய மனசைக் கேட்டதில்லை. கேட்கப்படுவது மன்னிப்புப் போலத் தெரியும். உண்மையில் நம் வேலையை மிச்சப்படுத்தச் சொல்லிக் கேட்கிறோம்.

நார்வே நாட்டுக் குற்றவியலாளர் நீல்ஸ் கிறிஸ்டி 1977-இல் ஒரு கட்டுரை எழுதினார். இருவருக்கு இடையிலான வழக்கு அவர்களுடைய சொத்து, நீதிமன்றமும் வக்கீல்களும் அதை அவர்களிடமிருந்து பறித்துக்கொள்கிறார்கள், பாதிக்கப்பட்டவர் தன் வழக்கிலேயே வேடிக்கை பார்ப்பவராகிவிடுகிறார் என்பது அவர் வாதம். நான் சொல்வது இதற்கு நேர் எதிர் என்று தோன்றலாம். அப்படி இல்லை. வழக்கு அவருடையது என்பதால் தீர்ப்பெழுதும் வேலையும் அவருடையது ஆகிவிடாது. அவர் பேச்சு முடிவை மாற்றும் அளவுக்குக் கனமாக இருக்க வேண்டும். முடிவுக்கு வரும் வசவு நம்மிடம் வர வேண்டும்.

"விட்டுடுங்க" என்று அவரே சொன்னால்

அடிக்கடி நடக்கும், மிகக் கடினமான இடமும் இதுதான். "பரவால்ல சார், பெருசு பண்ணாதீங்க" என்பார். உடனே நாம் நிம்மதியாகிவிடுகிறோம். அந்த நிம்மதியைச் சந்தேகிக்க வேண்டும்.

நடந்தது எல்லார் முன்னாலும் என்றால், காயம் அவருக்கு மட்டும் ஆனதில்லை. படித்துவிட்டு வாய் திறக்காமல் இருந்த மற்றப் பெண்களும், நாளை சேரப்போகிறவர்களும் அதில் உண்டு. குழுவின் விதியின்பேரில், குழுவின் பெயரால், நீங்கள் நடவடிக்கை எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். அதை அவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்: "உங்களுக்காகப் பண்ணலைங்க, குரூப்புக்காகப் பண்றோம். உங்க பேர் எங்கயும் வராது."

நடந்தது தனிச் செய்தியில் என்றால் எல்லாமே மாறிவிடும். அவருக்கும் அந்த ஆளுக்கும் மட்டும் தெரிந்த ஒன்றின் பேரில் நீங்கள் நடவடிக்கை எடுத்தால், சொன்னவர் யார் என்று அந்த ஆளுக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். இங்கே அவர் சம்மதம் இல்லாமல் ஓர் அடிகூட வைக்கக் கூடாது. எவ்வளவு கோபம் வந்தாலும் சரி. புகாரை எழுதிவைத்துக்கொள்ளுங்கள், இன்னொருவரும் அதே ஆளைப் பற்றிச் சொன்னால் முதலாமவரிடம் பெயர் சொல்லாமல் தெரிவித்து, இப்போது சம்மதமா என்று கேளுங்கள். தனியாக இருக்கும்போது வராத துணிவு, இரண்டாவது ஆள் இருக்கிறார் என்று தெரிந்ததும் பலருக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆக, அவர் சம்மதம் இல்லாமல் நடக்கவே கூடாதவை சில உண்டு: அவர் பெயரை வெளியிடுவது, அவரையும் அந்த ஆளையும் நேருக்கு நேர் உட்காரவைப்பது, அவர் சார்பில் மன்னிப்பை ஏற்றுக்கொள்வது. பாலியல் வன்புணர்வு போன்ற குற்றம் என்றால் பெயரை வெளியிடுவதே தண்டனைக்குரியது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. அந்த ஆள் குழுவில் இருக்கலாமா கூடாதா என்பது மட்டும் அட்மின்களின் முடிவு; தனிச் செய்தியில் நடந்ததென்றால், அவர் சம்மதித்த பிறகு.

மன்னிப்பு பற்றி இன்னொன்று. "சாரி கேட்டுட்டார்ல, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்று குழுவில் பொதுவாகக் கேட்பது கொடுமை. இருநூறு பேர் பார்த்திருக்க அவர் எப்படி மறுப்பார்? மன்னிப்பு எழுத்தில் உங்களிடம் வரட்டும். வந்திருக்கிறது என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள். படிப்பதா வேண்டாமா என்பது அவர் விருப்பம்.

எதிர்த் தரப்பும் அறிவிப்பும்

குற்றம் சாட்டப்பட்டவரிடமும் பேச வேண்டும். எந்தப் பதிவு, எந்த விதி என்று சொல்லி அவர் விளக்கத்தைக் கேளுங்கள். யார் சொன்னது என்று அவர் கேட்டால், "பதிவு எங்க கண்ணு முன்னாடியே இருக்கு, அதைப் பத்திப் பேசுவோம்" என்பதற்கு மேல் பதில் வேண்டாம். அட்மின்களில் ஒருவர் அவருக்கு நண்பர் என்றால் அந்த நண்பர் இந்த முடிவிலிருந்து விலகியிருக்க வேண்டும். குறைந்தது இரண்டு பேர் சேர்ந்து முடிவெடுங்கள். தனி ஒருவர் எடுத்த முடிவு சரியாகவே இருந்தாலும் லாம்ப்டாமூவில் நடந்ததுபோல் அதைப் பற்றியே இன்னொரு சண்டை வரும்.

எல்லாவற்றையும் மூடிவைத்தாலும் ஆபத்துதான். 2019 ஜூனில் விக்கிமீடியா அறக்கட்டளை, ஆங்கில விக்கிப்பீடியாவின் நீண்டநாள் நிர்வாகி ஒருவரை ஓராண்டுக்குத் தடைசெய்தது. புகார் செய்தவர்களைக் காப்பதற்காகக் காரணங்களை வெளியிடவில்லை. நிர்வாகிகள் பலர் எதிர்ப்பில் பதவி விலகினார்கள். செப்டம்பரில் விக்கிப்பீடியாவின் நடுவர் குழு அந்தத் தடையை நீக்கியது. நடந்தது என்ன என்று தெரியாத கூட்டம் அமைதியாக இருக்காது, யார் சொன்னது என்று தேட ஆரம்பிக்கும். அந்தத் தேடலில் காயப்பட்டவர்தான் முதலில் அகப்படுவார். பெயரை மறைக்க வேண்டும் என்பதாலேயே, விதியையும் முடிவையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என்னுடைய பழைய அறிவிப்பை இன்று எழுதினால் இப்படி எழுதுவேன்: "சக உறுப்பினரின் தோற்றத்தைக் கேலிசெய்யும் பதிவு நேற்று வந்தது. அது நம் மூன்றாம் விதிக்கு எதிரானது. பதிவை எடுத்துவிட்டோம். எழுதியவர் மூன்று மாதம் குழுவில் இருக்க மாட்டார். இது அட்மின்கள் மூவரும் சேர்ந்து எடுத்த முடிவு. கேள்வி இருந்தால் எங்கள் மூவரில் யாரிடமும் கேட்கலாம். இது தொடர்பாக வேறு எந்த உறுப்பினருக்கும் தனியாக எழுதினால், அதையும் விதி மீறலாகவே எடுத்துக்கொள்வோம்." கடைசி வரி மிக முக்கியம். அன்று அது இருந்திருந்தால் அந்த நண்பர்களின் செய்திகள் அட்மின்களுக்கு வந்திருக்கும்.

இந்த அறிவிப்பைப் போடுவதற்கு முன் பாதிக்கப்பட்டவரிடம் காட்டுங்கள். "இதுல உங்களை அடையாளம் காட்டுற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேளுங்கள். 'தோற்றம்' என்ற ஒரு சொல்லே அவரைக் காட்டிக்கொடுக்கலாம்; அவர் சொன்னால் மாற்றிவிடுங்கள்.

விஷயம் நம் கைக்கு மீறியதாகவும் இருக்கலாம். அந்தரங்கப் படம் பரவியிருந்தால் குழு முடிவு போதாது. 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், அப்படிப்பட்ட படத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று சமூக வலைத்தள நிறுவனங்களுக்குச் சொல்லின. அவர் சம்மதித்தால் அந்தப் புகாரை நீங்களே எழுதித் தரலாம். அதே படத்தைப் பத்து இடங்களில் தேடிப் பார்க்கும் கொடுமையிலிருந்து அவரைக் காப்பாற்றும் உதவி அது.

ஒரு மாதம் கழித்து

நீக்கியதோடு கோப்பை மூடிவிடுகிறோம். பாதிக்கப்பட்டவருக்கு அன்றுதான் தொடங்குகிறது. ஒரு வாரம் கழித்து ஒரு தடவை, ஒரு மாதம் கழித்து ஒரு தடவை எழுதுங்கள். "அதுக்கப்புறம் யாராவது உங்களுக்கு எழுதினாங்களா?" என்ற ஒரு கேள்வி போதும். நீக்கப்பட்டவரின் தவணை முடிந்து மறுபடி சேர்ப்பதாக இருந்தால், சேர்ப்பதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிய வேண்டும். சேர்ந்த பிறகு பட்டியலில் பெயரைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

அட்மின் மாறினால் இந்தக் குறிப்புகளைப் புதியவரிடம் ஒப்படையுங்கள். பெயர், தேதி, என்ன முடிவு, எதைச் சொல்லக் கூடாது என்ற நாலு வரி போதும். பாதிக்கப்பட்டவர் ஏற்கெனவே குழுவைவிட்டுப் போயிருந்தால் அதையும் எழுதிவையுங்கள். ஆண்டு விழாவுக்கு எல்லாரையும் சேர்க்கிறோம் என்று அவர் எண்ணையும் அவரைக் கேட்காமல் யாரும் மறுபடி உள்ளே இழுத்துவிடக் கூடாது.